மணிக்கட்டுப் பட்டையும் தூக்கு வாரும்: எதை எதற்குக் கட்டுவது

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரில் கடைவீடு ஒன்றின் மாடியில் இயங்கும் எங்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் குளிர்சாதனம் கிடையாது, மின்விசிறிகள்தான் சுழல்கின்றன. செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் எண்ணெய் ஆலையிலிருந்தும் லாரிப் பட்டறைகளிலிருந்தும் பள்ளியிலிருந்தும் மாலையில் வந்து சேரும் இளைஞர்களின் கைகள், முதல் எடையைத் தொடுவதற்கு முன்பே வியர்த்திருக்கும். சில மாதங்களுக்கு முன் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஐந்தில் படிக்கும் ஒரு தம்பி, இணையத்தில் வாங்கிய புதுப் பட்டைகளை இரண்டு மணிக்கட்டிலும் இறுகச் சுற்றிக்கொண்டு, 90 கிலோவை டெட்லிஃப்ட் செய்ய, அதாவது தரையிலிருந்து தூக்கி நிமிர, நின்றார். நான்காவது தடவையில் விரல்கள் திறந்து, கம்பி தரையில் விழுந்தது. "அண்ணே, நல்லா இறுக்கித்தானே கட்டினேன், அப்புறம் ஏன் கை விட்டுடுச்சு?" என்று கேட்டார். அவர் கட்டியிருந்தது மணிக்கட்டுப் பட்டை; அந்த வேலைக்கு வேண்டியிருந்ததோ தூக்கு வார். இரண்டும் கையில் கட்டப்படுபவை, இரண்டும் துணியால் ஆனவை, கடையில் ஒரே அலமாரியில் தொங்குபவை என்பதால் இந்தக் குழப்பம் புதியவர்களிடம் மிகச் சாதாரணமாக நிகழ்கிறது. அந்தத் தம்பிக்கு அன்று நான் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கடைக்காரர்கள் 'ரிஸ்ட் ரேப்' என்று சொல்லும் மணிக்கட்டுப் பட்டை, மணிக்கட்டு பின்னால் மடங்கிவிடாமல் தடுப்பது. 'லிஃப்டிங் ஸ்ட்ராப்' எனப்படும் தூக்கு வார், விரல்களின் பாரத்தைக் குறைத்து, எடையின் பெரும்பகுதியை மணிக்கட்டைச் சுற்றிய வளையத்துக்கு மாற்றுவது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு முதலாவதை எளிதாகக் காட்டலாம். உயரமான செம்பனையில் குலை அறுக்கும் நீண்ட கோலின் நுனியில் அரிவாளைப் பொருத்தும்போது, பழைய டியூப் ரப்பரைப் பட்டையாக வெட்டி இறுகச் சுற்றிக் கட்டுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அந்தக் கட்டு எதையும் அறுப்பதில்லை. கோலும் அரிவாளும் சேரும் இடம் ஆடாமல் நிற்பதற்காக மட்டுமே அது இருக்கிறது. மணிக்கட்டுப் பட்டையின் வேலையும் அதுதான். இரண்டாவதற்கு, பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலிருந்து வீடு திரும்பும் வழியை நினைத்துக்கொள்ளலாம். இரண்டு கையிலும் கனத்த பிளாஸ்டிக் பைகளைத் தூக்கி வரும்போது விரல்கள் வலிக்கத் தொடங்கியதும், பையின் காதுகளை விரல்களிலிருந்து நகர்த்தி மணிக்கட்டுக்கு மேல் மாட்டிக்கொள்கிறோம். பையின் எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஆனால் விரல்கள் ஓய்ந்துவிட்டன. தூக்கு வார் செய்வதும் அவ்வளவே.

ஆகவே எதைக் கட்டுவது என்று முடிவு செய்வதற்கு முன், எந்த இடம் முதலில் தளர்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எடையை மேல்நோக்கித் தள்ளும்போது, அதாவது பெஞ்சில் படுத்துத் தள்ளும் பெஞ்ச் பிரஸ் செய்யும்போதோ நின்றபடி தலைக்கு மேல் தூக்கும்போதோ, கம்பி உள்ளங்கையின் மீது அமர்ந்திருக்கிறது. அங்கே விரல்களுக்குப் பெரிய வேலை இல்லை, மணிக்கட்டு மடங்குவதுதான் ஆபத்து. எடையைக் கீழிருந்து இழுக்கும்போது, டெட்லிஃப்ட், குனிந்து இழுக்கும் ரோ, தோள்களை உயர்த்தும் ஷ்ரக் போன்றவற்றில், கை கயிறுபோல் நேராகத் தொங்குகிறது. மணிக்கட்டு மடங்குவதற்குக் காரணமே இல்லை, விரல்கள் திறந்துகொள்வதுதான் பிரச்சினை. தள்ளுவதற்குப் பட்டை, இழுப்பதற்கு வார் என்ற இந்த ஒரு பிரிவினை புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மணிக்கட்டை முதலில் பார்ப்போம். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில், இரண்டு வரிசையாக அடுக்கப்பட்ட 8 சிறிய எலும்புகள் இருக்கின்றன. முழங்காலைப்போலப் பெரிய மூட்டாக அல்லாமல், கூழாங்கற்களைத் தசைநார்களால் பின்னிக் கட்டியதுபோன்ற அமைப்பு இது. எழுதவும் பின்னவும் பால்வெட்டுக் கத்தியைத் திருப்பவும் உதவும் அதன் வளைந்து கொடுக்கும் தன்மை, கனமான எடையைத் தாங்கும் நேரத்தில் பாதகமாகிவிடுகிறது. பெஞ்சில் படுத்துக் கம்பியைப் பிடிக்கும் புதியவர், பெரும்பாலும் அதை விரல்களின் அடிப்பகுதியில் பிடித்துவிடுகிறார். அப்போது கம்பி முன்கை எலும்புகளுக்கு நேர் மேலே நிற்காமல், தலைப் பக்கமாகச் சில சென்டிமீட்டர் விலகி நிற்கும். 60 கிலோ கம்பியில் ஒவ்வொரு கைக்கும் 30 கிலோ வருகிறது. அந்த 30 கிலோ மணிக்கட்டின் நடுப்புள்ளியிலிருந்து 2 செ.மீ. விலகி நின்றால் ஓரளவு மடக்கும் விசை உண்டாகும், 4 செ.மீ. விலகி நின்றால் எடை கூடாமலேயே அந்த விசை இரண்டு மடங்காகிவிடும். வாளியை உடலோடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடே இது.

இந்த இடத்தில் நான் பிடிவாதமாக ஒன்றைச் சொல்வேன்: பட்டையை வாங்குவதற்கு முன் பிடியைத் திருத்த வேண்டும். கம்பியை உள்ளங்கையின் அடிப்பகுதியில், கட்டைவிரலின் சதைமேட்டுக்கு அருகில், சற்றுச் சாய்வாக அமர்த்தி, கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றி மூடினால், எடை நேராக முன்கை எலும்புகளுக்குள் இறங்கும். கட்டைவிரலைச் சுற்றாமல் பிடிப்பவர்கள் உண்டு. கம்பி உருண்டு மார்பின் மீதோ கழுத்தின் மீதோ விழுந்தால் எந்தப் பட்டையும் காப்பாற்றாது என்பதால், எங்கள் கூடத்தில் அதை அனுமதிப்பதில்லை. நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் நிறுத்திக் கைப்பேசியில் ஒரு செட்டை, அதாவது ஓய்வின்றித் தொடர்ந்து செய்யும் சில தடவைகளை, படம் பிடிக்கச் சொல்லுங்கள். புறங்கை முன்கையோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் இருந்தால் போதும். லேசான வளைவு இயல்பானதே. புறங்கை பின்னால் சாய்ந்து, தலைப் பக்கம் படுத்துக் கிடந்தால், முதலில் எடையைக் குறைத்துப் பிடியைச் சரிசெய்ய வேண்டும். நம் நாட்டின் போனி புன்யாவ் குஸ்தின், டோக்கியோ 2020 பாராலிம்பிக்கில் ஆண்கள் 72 கிலோ பிரிவில் 228 கிலோவைப் பெஞ்சில் தள்ளித் தங்கம் வென்றார். ஒவ்வொரு மணிக்கட்டின் மீதும் 114 கிலோ. அத்தகைய எடை எலும்புகளின் மீது நேராக நின்றாக வேண்டும். சாய்ந்து நின்றால் எந்தத் துணியாலும் அதைத் தாங்க முடியாது.

பிடி சரியாக இருந்தும், எடை ஏற ஏறக் கடைசிச் சில தடவைகளில் மணிக்கட்டு தளர்வதை உணர்ந்தால், அப்போது பட்டை பயன்படும். பெரும்பாலானோர் செய்யும் பிழை, அதைக் கைக்கடிகாரம்போல மணிக்கட்டுக்குக் கீழே, முன்கையில் கட்டுவதுதான். அப்படிக் கட்டினால் தோற்றம் இருக்கும், பயன் இருக்காது. பட்டை மூட்டைக் கடந்து நிற்க வேண்டும். அதன் அகலத்தில் ஒரு பகுதி மூட்டுக்குக் கீழேயும் ஒரு பகுதி உள்ளங்கையின் அடிப்பக்கமும் படிய வேண்டும். முனையிலுள்ள சிறு வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, கையை நேராக வைத்து, ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றின் மீது பெருமளவு படியுமாறு இழுத்துச் சுற்றி, ஒட்டுப்பட்டையால் முடித்தபின், கட்டைவிரல் வளையத்தைக் கழற்றிவிட வேண்டும். கட்டியபின் கையைப் பின்னால் மடக்கிப் பார்த்தால் தெளிவான எதிர்ப்பு தெரிய வேண்டும்; ஆனால் விரல்களை மூடித் திறப்பதில் தடை இருக்கக் கூடாது. 30 செ.மீ. பட்டை மென்மையான தாங்கலையும், 45 அல்லது 60 செ.மீ. பட்டை மேலும் சில சுற்றுகளால் உறுதியான தாங்கலையும் தரும். புதியவருக்கு 45 செ.மீ. நீளமும் நடுத்தர விறைப்பும் போதும். மிக விறைப்பான நீளப் பட்டைகள் போட்டியாளர்களுக்காகச் செய்யப்பட்டவை.

செட் முடிந்ததும் பட்டையைத் தளர்த்திவிட வேண்டும் என்பதை நான் ஒவ்வொரு மாலையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு குறுகிய வழி உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், கட்டைவிரல் முதல் நடுவிரல்வரை உணர்ச்சி தரும் நடு நரம்பும் அந்த வழியாகவே கைக்குள் நுழைகின்றன. இறுகக் கட்டிய பட்டையோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் விரல்கள் மரத்துப்போவது இதனால்தான்; ரத்த ஓட்டம் தடைப்பட்டு நகங்களும் வெளிறலாம். அப்படி நேர்ந்தால் கழற்றிவிட்டுக் கையை உதறி, அடுத்த முறை ஒரு சுற்று தளர்வாகக் கட்ட வேண்டும். எடை குறைந்த தொடக்கச் செட்டுகளுக்குப் பட்டையே வேண்டாம். உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சியில் கம்பியை முதுகில் தாழ்வாக வைத்துப் பிடிப்பவர்களுக்கும் மணிக்கட்டு வலிப்பதுண்டு. அவர்களுக்கும் இது உதவும். தண்டால் எடுக்கும்போது மட்டும் வலிக்கிறது என்பவர்கள் பட்டையைத் தேடாமல், தரையில் இரண்டு டம்பெல்லை வைத்து அவற்றின் கைப்பிடியைப் பிடித்துத் தண்டால் எடுத்தால், மணிக்கட்டு மடங்காமலேயே பயிற்சி நடந்துவிடும்.

இனி இழுக்கும் பக்கத்துக்கு வருவோம். விரல்களை மூடும் பெரிய தசைகள் கையில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட நாண்கள் விரல் நுனிவரை ஓடுகின்றன. பிடி தளரும்போது முழங்கைக்குச் சற்றுக் கீழே எரிவதுபோல் இருப்பதற்குக் காரணம் இதுவே. முதுகு, பிட்டம், தொடை ஆகியவற்றின் தசைகளோடு ஒப்பிட்டால் இவை சிறியவை; ஆகவே டெட்லிஃப்டில் எடை வளரும்போது ஒரு கட்டத்தில் முதுகுக்கு இன்னும் தெம்பு இருக்க, பிடி மட்டும் முந்திக்கொண்டு தோற்கிறது. தூக்கு வார் அந்த நிலைக்காக உள்ளது. அந்த நிலை உண்மையிலேயே வந்துவிட்டதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு நாள் வெறுங்கையால் 80 கிலோவை எத்தனை தடவை தூக்க முடிகிறது என்று எண்ணுங்கள். சில நாள் கழித்து, நன்கு ஓய்வெடுத்தபின், அதே எடையை வாரோடு தூக்கிப் பாருங்கள். 6 தடவை 10 ஆக உயர்ந்தால் உங்களைத் தடுத்தது பிடிதான். 6 தடவை 6 ஆகவே நின்றால் வாருக்கு அங்கே வேலை இல்லை. முதுகும் காலும்தான் வளர வேண்டும்.

வாருக்குப் போகும் முன் முயல வேண்டியவை சில உண்டு. நம் ஊர் ஈரப்பதத்தில் பல நேரங்களில் தோற்பது வலிமை அல்ல, வியர்வையே. கம்பியைத் துணியால் துடைத்து, மெக்னீசியம் கார்பனேட் தூளைக் கையில் பூசிக்கொண்டால், அதே கை கூடுதலாகச் சில தடவைகள் பிடித்து நிற்பதைப் பார்க்கலாம். ஒரு கையை மேல்நோக்கியும் மற்றதைக் கீழ்நோக்கியும் வைத்துப் பிடிப்பது கம்பி உருள்வதைத் தடுக்கும். ஆனால் மேல்நோக்கிய கையின் முழங்கையை மடக்கி இழுத்தால் மேற்கைத் தசையின் நாண் அறுந்துபோகும் ஆபத்து இருப்பதால், அந்தப் பிடியைப் பழகுவோர் கையை முற்றிலும் நேராக வைத்திருக்க வேண்டும். கட்டைவிரலைக் கம்பியோடு ஒட்டிவைத்து, அதன் மீது மற்ற விரல்களை மூடும் கொக்கிப் பிடியைப் பளுதூக்கும் வீரர்கள் பயன்படுத்துகிறார்கள். அது மிக உறுதியானது, ஆனால் முதல் சில வாரங்களுக்குக் கட்டைவிரல் நன்றாக வலிக்கும்.

வாரைக் கட்டும் முறையை எழுத்தில் சொல்வது சற்றுக் கடினம். ஆனாலும் நிதானமாகப் படித்து, ஒரு துடைப்பக் கம்பில் செய்து பார்த்தால் விளங்கும். புதியவருக்கு ஏற்றது, ஒரு முனையில் கண்ணுள்ள நீண்ட பருத்தி வார். நீள முனையை அந்தக் கண்ணுக்குள் நுழைத்தால் ஒரு சுருக்கு உண்டாகும். கையைச் சுருக்குக்குள் விட்டு, நீளமான வால் உள்ளங்கையின் குறுக்கே ஓடி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வெளியே வருமாறு அமைத்து, மணிக்கட்டில் படியுமாறு இழுக்க வேண்டும். இப்போது கம்பியின் மீது கையை வைத்து, வாலை உங்கள் உடல் பக்கமாகக் கீழே இறக்கி, கம்பிக்கு அடியில் விட்டு, முன்பக்கமாக மேலே கொண்டுவந்து சுற்ற வேண்டும். விரல்கள் மடங்கும் திசைக்கு எதிர்த்திசையில் வார் சுற்றியிருக்கும், இதுதான் முக்கியம். ஒரே திசையில் சுற்றினால் விரல் திறக்கும்போது வாரும் சேர்ந்து அவிழும். ஒன்று அல்லது இரண்டு சுற்றுப் போதும். கடைசியாக, வாரின் மீது கையை மூடி, மோட்டார் சைக்கிளின் முடுக்கியைத் திருகுவதுபோல் கம்பியை உங்களை நோக்கிச் சற்றுத் திருகினால் தளர்வு நீங்கி வார் இறுகும். இரண்டாவது கைக்குக் கட்டுவது முதலில் எரிச்சலூட்டும். ஒரு கையின் விரல்களாலேயே செய்ய வேண்டியிருப்பதால் பொறுமை தேவை. வார் கட்டியபின்னும் விரல்கள் மூடியே இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு வாரை மட்டும் நம்பினால், முழு எடையும் மணிக்கட்டுத் தோலின் ஒரு கோட்டில் இறங்கி, அங்கே சிவந்து புண்ணாகும்.

வாரைக் கட்டக் கூடாத இடங்களையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெஞ்ச் பிரஸ்ஸிலும், தலைக்கு மேல் தள்ளும்போதும், ஸ்குவாட்டிலும் ஒருபோதும் கையைக் கம்பியோடு கட்டக் கூடாது. தவறினால் கம்பியை விட்டு விலக வழி இல்லாமல் போய்விடும். தரையிலிருந்து தோளுக்கு எடையை வீசி ஏற்றும் கிளீன் பயிற்சியில் கை கம்பியைச் சுற்றித் திரும்ப வேண்டும். அங்கே கட்டிய வார் மணிக்கட்டையே முறித்துவிடக்கூடும். எட்டு வடிவில் தைத்த வார்கள் மிகப் பலமானவை, ஆனால் விரைவாகக் கழற்ற முடியாதவை. தொடக்கத்தில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

இப்போது, இந்த ஊரில் எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்திக்கு வருகிறேன். இணையத்தில் பலரும் "முதல் ஆறு மாதம் வாரைத் தொடாதே, பிடியை வளர்த்துக்கொள்" என்கிறார்கள். நாள் முழுவதும் மேசைக்கு முன் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு அது மிகச் சரியான அறிவுரை. எங்கள் படிவம் ஐந்துத் தம்பிக்கும் அதையே சொன்னேன். அவர் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள், பயிற்சியின் முடிவில், கம்பியில் 20 முதல் 30 விநாடி வெறுமனே தொங்குகிறார். 20 லிட்டர் தண்ணீர் நிரப்பிய கேன்களை இரு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நீளத்துக்கு நடக்கிறார். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், எடைத் தட்டு வாங்காமலே கைக்கு 20 கிலோ கிடைத்துவிடுகிறது.

ஆனால் அதே மாலையில் எங்கள் கூடத்துக்கு வேறொருவரும் வருகிறார். இன்று தோட்டங்களில் குலை வெட்டும் வேலையில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்களே மிகுதி. என்றாலும் தகப்பன் பார்த்த அதே வேலையைப் பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான அவர் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தின் காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போய், மதியம்வரை நீண்ட கோலைப் பிடித்து இழுத்து அறுத்து, 10 கிலோவும் 20 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள குலைகளைக் குத்தித் தூக்கி வண்டியில் ஏற்றி, மாலையில் டெட்லிஃப்ட் செய்ய வருகிறார். அவருடைய பிடி பலவீனமானதல்ல. இந்த நகரத்திலேயே வலுவான பிடிகளில் அது ஒன்றாக இருக்கக்கூடும். அது ஏற்கெனவே ஒரு முழு நாள் உழைத்துவிட்டது, அவ்வளவுதான். அவரிடம் "பிடியை வளர்த்துக்கொள்" என்று சொல்வது பொருளற்றது. அவருடைய முன்கைக்கு இன்னும் வேலை கொடுத்தால் முழங்கையின் ஓரத்தில் நாண் வலிதான் மிஞ்சும். மறுநாள் அதே கையோடு அவர் வேலைக்குப் போக வேண்டும். அவருக்கு நான் முதல் வாரத்திலேயே வாரைக் கட்டக் கற்றுக்கொடுத்தேன். முதுகுக்கும் காலுக்கும் வேண்டிய பயிற்சி கிடைக்கிறது, கைக்கு வேண்டிய ஓய்வும் கிடைக்கிறது. ஓய்வு நாளில் மட்டும் அவர் வெறுங்கையால் தூக்குகிறார். பட்டறையில் ஸ்பானர் பிடிப்பவர்களுக்கும், ஆலையில் நாளெல்லாம் தள்ளுவண்டி தள்ளுபவர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

வலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்டை, எடையின் கீழ் மூட்டுக்குத் தாங்கல் தருவதற்காக உள்ளது. வலியை மறைப்பதற்காக அல்ல. குறிப்பாக, செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கிக் கையை ஊன்றி விழுந்தபின், கட்டைவிரலின் அடியில் உள்ள சிறு குழியை அழுத்தினால் வலிக்கிறது என்றால், பட்டையைக் கட்டிக்கொண்டு பயிற்சிக்கு வரக் கூடாது. அங்கே இருக்கும் படகெலும்பு முறிந்திருக்கலாம். அந்த முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு. அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால், கவனிக்காமல் விட்டால் சேராமலே போய்விடவும் கூடும். இரவில் விரல்கள் மரத்து எழுப்பினாலும், சுண்டுவிரல் பக்கம் திருகும்போது குத்தினாலும், இரண்டு வார ஓய்வுக்குப் பின்னும் வலி குறையாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்பு முறிவுக்கு மருத்துவமனையில் தரும் தாங்குகட்டு வேறு, இந்தப் பட்டை வேறு.

போட்டியில் இறங்க எண்ணுபவர்கள் விதிகளை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனத்தின் விதிப்படி, 1 மீட்டர் நீளத்துக்கும் 8 செ.மீ. அகலத்துக்கும் மிகாத மணிக்கட்டுப் பட்டை அனுமதிக்கப்படுகிறது. தூக்கு வாருக்கு இடமில்லை. ஒலிம்பிக் பளுதூக்குதல் போட்டியிலும் வார் கூடாது, பயிற்சியில் மட்டும் அதை வைத்துக்கொள்கிறார்கள். மாறாக, ஸ்ட்ராங்மேன் வகைப் போட்டிகளில் வார் கட்டித் தூக்குவது வழக்கம். 2016-இல் பிரிட்டன் வீரர் எடி ஹால் 500 கிலோவை டெட்லிஃப்ட் செய்தபோது வார் கட்டியே தூக்கினார்.

கடைசியாகப் பராமரிப்பு. வியர்வையில் நனைந்த பட்டையையும் வாரையும் பைக்குள் சுருட்டிப் போட்டால், நம் ஊர் வெப்பத்தில் இரண்டே நாளில் நாற்றமெடுத்து, மணிக்கட்டில் அரிப்பும் தொடங்கும். வீட்டுக்கு வந்ததும் கொடியில் விரித்துப் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை கையால் அலசி நிழலில் உலர்த்தினால் பட்டையின் மீள்தன்மையும் நீண்ட நாள் நிற்கும். ஒட்டுப்பட்டை பிடிக்காமல் போன பட்டையைத் தொடக்கச் செட்டுகளுக்குக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம். வாரில் கண் தைத்த இடத்தை ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பாருங்கள். நூல் பிரிந்த வார் எடை முழங்காலைக் கடக்கும் நேரத்தில் அறுந்தால், தூக்குபவர் பின்னால் சரிந்து விழுவார். அப்படிப் பிரிந்த வாரை எங்கள் கூடத்தில் குப்பையில் அப்படியே போடுவதில்லை. வேறு யாராவது எடுத்துக் கட்டிக்கொள்ளாதிருக்க, இரண்டாக வெட்டிவிட்டுத்தான் போடுகிறோம்.